எங்கேன்னாலும் சரி

லூர்துசாமி வக்கீல் கையெழுத்துகளைச் சரிபார்த்து
கோப்பைக் கட்டியபோது மணி ஒன்றேமுக்கால்.
இனி என்ன சார் என்றேன்.
போய்ச் சாப்பிடுங்கம்மா என்றார்.

கல்யாணம் பாண்டியில் நடந்ததால்
வழக்கும் பாண்டியில்.
மற்றபடி இந்த ஊரில் எங்களுக்கு
ஒரு டீக்கடைப் பழக்கம்கூடக் கிடையாது.
நான் பண்ருட்டி பஸ்.
ஞானவேல் திண்டிவனம் பஸ்.

பதினோரு வருஷம்
எந்த ஊரில் இறங்கினாலும்
எங்கே சாப்பிடலாம் என்பான்.
எங்கேன்னாலும் சரி என்பேன்.
உனக்கு எங்கே பிடிக்குதோ அங்கே.
உங்களுக்கு எங்கேயோ அங்கே.
திருச்சியில் ஒருமுறை இப்படியே
நாலு தெரு நடந்து, பசி போய், தலைவலி வந்து,
ஆளுக்கொரு பன்னோடு பஸ் ஏறினோம்.
மனுவில் இதை எழுத இடமில்லை.
'ஒத்துப்போகவில்லை' என்று
வக்கீல் சுருக்கிவிட்டார்.

இன்றைக்கு நானே தேர்ந்தெடுப்பேன் என்று
கால்வாயைத் தாண்டிக் கிழக்கே நடந்தேன்.
மஞ்சள் சுவர். காகிதப்பூ.
வாசலில் கரும்பலகை, சாக்பீஸில் விலை.
தேங்காய்த்திட்டில் காலையில் இறங்கிய மீன்தான்,
பெயர் மட்டும் பிரெஞ்சில்.
கதவைத் திறந்த பையன் கேட்டான்:
ஒருத்தரா மேடம்?
ஒருத்தர்தான்.
சொல்லிப் பார்த்தேன், வாய்க்குப் படியவில்லை.
அப்புறம் வரேம்பா என்று
வராத பக்கமாகத் திரும்பிவிட்டேன்.

பிரியாணிக் கடையில் நிற்கவே இடமில்லை.
அடுத்ததில் ஒரு அம்புக்குறி:
ஃபேமிலி ரூம் மாடியில்.
அந்த அம்பு இன்று காலைவரை எனக்கும் சேர்த்து.
அதற்கடுத்த நாலு கதவிலும்
கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது,
உள்ளே ஆண்கள் மதியத்தை இரவாக்கிக்கொண்டிருந்தார்கள்.
சைவக் கடையில் டோக்கன் முடிந்து
கல்லாக்காரர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
மூன்று மணிக்கு இந்த ஊர்
இலையை மடித்துவிடுகிறது.
நகை போட்டிருக்கும் மாமியார்போல
எவ்வளவு இருந்தும்
கேட்டால் இல்லை.

பஸ் நிலையத்துப் பின்சந்தில்
பலகை இல்லாத ஒரு கடை.
சுறாப்புட்டு வாசனை
கையைப் பிடித்து இழுத்தது.
சோறு இருக்கா அண்ணே?
ஒரு ஆளுக்கு இருக்கும்,
அந்த சார் எதிர்ல உட்காருங்க.

அந்த சார் ஞானவேல்.
சட்டை முதுகோடு ஒட்டி
அவனும் அத்தனை தெருவையும் நடந்திருந்தான்.
பிரியாணி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதுகு
இவனுடையதாகவே இருக்கலாம்.
பார்த்துப் பழகிய முதுகைக்கூட
முகம் வந்த பிறகுதான் தெரிகிறது.

இங்கயா நீயும்?
வேற எங்கயும் இல்ல.

கானாங்கெளுத்தி வந்தது.
முள்ளோடு அவன் சண்டை தொடங்கியது,
நாக்கால் தேடி, விரலால் இழுத்து,
இலையோரத்தில் அநியாயத்துக்குச் சதையும் சேர்த்து.
என் கை மேசைக்கு மேல்
ஒரு சாண் எழுந்தது.
எழுந்த கையைச் சும்மா இறக்க முடியாமல்
ரசத்துக்குச் சோற்றில் அணை கட்டினேன்.
அணை உடைந்தது.
அவன் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

பேசவும் பேசினோம்.
பஸ் எத்தனை மணிக்கு.
பீரோ சாவி யாரிடம்.
மோர் புளிப்பு.

பரிமாறியவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்:
பில்லு ஒண்ணா, தனியா?

எப்படின்னாலும் சரி
என்றோம்,
இரண்டு பேரும், ஒரே மூச்சில்.

அதெல்லாம் ஆவாதும்மா,
ஒண்ணு சொல்லுங்க, அடுப்ப அணைக்கணும்.

தனி என்றேன்.
எனக்கு நூற்றிருபது.
அவனுக்குச் சுறாப்புட்டு சேர்த்து நூற்றெண்பது.

சுறாப்புட்டில் பாதி
எப்போது என் இலைக்கு வந்தது,
தள்ளியது யார், எடுத்தது யார்,
கேட்காமல் கை கழுவப் போனேன்.
சோப்பு தீர்ந்திருந்தது.